பாலக்காட்டுப் பக்கம் குடும்பத்தோடு நடக்க ஆற்றோரப் பாதை: எது சரிப்படும்?

கஞ்சிக்கோட்டான்:
வணக்கம். வேலை விஷயமாகக் கஞ்சிக்கோட்டில் குடியிருக்கிறோம். டிசம்பர் கடைசியில் பொள்ளாச்சியிலிருந்து அக்கா குடும்பம் வருகிறது. கூட்டத்தில் முழங்கால் வலிக்கார அம்மா, என் ஐந்து வயதுப் பெண், இன்னும் நடை பழகாத அக்காவின் கடைக்குட்டி (தள்ளுவண்டி வரும்), எதைக் காட்டினாலும் ‘இதுல என்ன இருக்கு’ என்று கேட்கும் அக்காவின் மூத்தவன், எல்லாரும் உண்டு. மலையேற்றம் வேண்டாம். ஏற்ற இறக்கம் இல்லாமல் ஆற்றைப் பார்த்தபடி ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை மணி நேரம் நடக்க ஓர் இடம் வேண்டும். மலம்புழைப் பூங்கா எல்லாரும் பார்த்தாகிவிட்டது, அதைச் சொல்லாதீர்கள். பாலக்காடு, சித்தூர், கொல்லங்கோடு, ஒற்றப்பாலம் எதுவானாலும் சரி.

கல்பாத்தி மாமி:
தள்ளுவண்டியும் முழங்கால் வலியும் சேர்ந்து வருகிறது என்றால் யோசிக்கவே வேண்டாம் தம்பி, கல்பாத்திக்கு அழைத்து வாங்கோ. பழைய கல்பாத்தி, புதிய கல்பாத்தி, சாத்தபுரம், கோவிந்தராஜபுரம் என்று அக்ரஹாரங்கள் வரிசையாக இருக்கின்றன. மேடு பள்ளம் இல்லாத தெரு. ஓட்டு வீடுகள், வாசலில் கோலம், அம்மாவுக்குக் கால் வலித்தால் உட்கார எங்கே பார்த்தாலும் திண்ணை. விஸ்வநாத சுவாமி கோயிலுக்குத் தெருவிலிருந்து படி இறங்கிப் போக வேண்டும். அதனால்தான் குண்டுக் கோயில் என்று பெயர். காசிக்குப் போன லக்ஷ்மி அம்மாள் என்கிற பெண்மணி அங்கிருந்து லிங்கம் கொண்டுவந்து 1425 வாக்கில் இங்கே வைத்ததாகச் சொல்வார்கள். ‘காசியில் பாதி கல்பாத்தி’ என்பது அதை வைத்துத்தான். கோயிலை ஒட்டியே ஆறு. தேர் நவம்பரில் முடிந்துவிடும், டிசம்பரில் கூட்டம் இராது.

சைக்கிள் சுந்தரி:
மாமி கோபித்துக்கொள்ளக் கூடாது. கல்பாத்தி அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கேட்டது ஆற்றைப் பார்த்தபடி நடக்கிற இடம். அக்ரஹாரத்தில் நடந்தால் வீட்டு வாசல்களைத்தான் பார்ப்போம், ஆறு வீடுகளுக்குக் கொல்லைப்புறம். கடவில், அதாவது படித்துறையில், இறங்கினால்தான் தண்ணீர் கண்ணில் படும்.

என் யோசனை வாய்க்கால் கரை. மலம்புழை அணையிலிருந்து இடது கரை, வலது கரை என்று இரண்டு பெரிய வாய்க்கால்கள் வயல்களுக்குப் போகின்றன. வாய்க்காலை அதன் போக்கிலேயே தண்ணீர் ஓடும்படி நிலத்தின் மட்டத்தைப் பிடித்துக்கொண்டு வெட்டியிருப்பார்கள். மேடு வந்தால் சுற்றிக்கொண்டு போகும். அதனால் கரையும் ஏறாது, இறங்காது. ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் நெல் வயல், தூரத்தில் மலை. ஞாயிறு காலையில் நான் சைக்கிளில் போவது அங்கேதான்.

எருத்தேம்பதி செல்வம்:
வாய்க்கால் கரை பெரியவங்களுக்குச் சரிங்க. ஐந்து வயசுப் பிள்ளையோட வேண்டாம். ஆற்றங்கரை சரிவா இறங்கும், பிள்ளை வழுக்கினாலும் முழங்கால் தண்ணியில நிற்கும். வாய்க்கால் அப்படி இல்லை. பல இடத்துல பக்கச் சுவர் சிமென்டு, பாசி பிடிச்சுக் கிடக்கும், விழுந்தா நீச்சல் தெரிஞ்ச ஆளே பிடிப்பு இல்லாம தவிப்பான். டிசம்பர்ல இரண்டாம் போகத்துக்குத் தண்ணி விட்டிருப்பாங்க, வாய்க்கால் நிறைஞ்சு போகும். தள்ளுவண்டியைக் கொஞ்ச நேரம் விட்டுட்டுப் போட்டோ எடுக்கிற ஆள் கூட்டத்துல ஒருத்தராவது இருப்பாரு. சமமா இருக்கிற கரையிலும் சக்கரம் உருளும்ங்க.

என் ஓட்டு சித்தூர்ப் புழைக்கு. தெக்கே கிராமத்துல மலையாளக் கவி எழுத்தச்சனோட குருமடம் இருக்கு, அங்கேயே ஆறு. சோகநாசினின்னு சொல்வாங்க. நம்ம ஆளியாறுதான் எல்லை தாண்டினதும் அந்தப் பேரோட வருது. ஊர் அமைதியா இருக்கும். பாலக்காட்டுல இருந்து ஏறக்குறைய 15 கிலோமீட்டர்தான், பொள்ளாச்சியில இருந்து வர்றவங்களுக்கும் வழியிலேயே பட்டுடும். அக்கா குடும்பம் வீட்டுக்கு வர்ற வழியிலேயே நடையை முடிச்சுக்கலாம்.

ஒண்ணு மட்டும். மாசி மாசம் கொங்கன்படை நேரத்துல கோயமுத்தூர்ச் சொந்தங்களைச் சித்தூருக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. கொங்கு ராஜாவைத் தோற்கடிச்சதைக் கொண்டாடுற திருவிழா அது. எங்க மாமனார் இன்னும் அதுக்குச் சமாதானம் ஆகலை.

மணல்திட்டு:
இவ்வளவு யோசிக்க என்ன இருக்கிறது? பறளிக்குப் போங்கள். கல்பாத்திப் புழையும் கண்ணாடிப் புழையும் (சித்தூர்ப் புழைதான்) சேர்ந்து பாரதப்புழை ஆகிற இடம். ரயில் நிலையம் இருக்கிறது, பாசஞ்சர் வண்டி நிற்கும். மழை நின்றபின் ஆற்றில் தண்ணீர் ஒரு ஓரமாகத்தான் ஓடும். மிச்சமெல்லாம் மணலும் பாறையும் புல்லும். கரையில் நடப்பதைவிட ஆற்றுக்குள்ளேயே நடக்கலாம். அதைவிடச் சமதளம் எங்கே கிடைக்கும்? நாங்கள் எல்லாம் ஆற்று மணலில் பந்து விளையாடி வளர்ந்தவர்கள். பிள்ளைகளுக்கு அந்தச் சுகத்தைக் காட்ட வேண்டாமா?

பழைய ஓவர்சியர்:
மணல்திட்டு தம்பிக்கும், இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாசனத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், இந்தத் தண்ணீர்களோடுதான் வயதாகியிருக்கிறேன்.

நம் பக்கத்து ஆறுகள் எதுவும் தன் இஷ்டத்துக்கு ஓடுவதில்லை. கல்பாத்திப் புழைக்கு மேலே மலம்புழை அணை இருக்கிறது. பாலக்காடு சென்னை மாகாணத்தில் இருந்தபோது கட்டி, 1955-ல் காமராஜர் திறந்து வைத்த அணை. அதன் முழுக் கொள்ளளவு மட்டம் 115.06 மீட்டர். நீர்மட்டம் அதை நெருங்கினால் மதகு திறந்தே ஆக வேண்டும். அப்போது பாலக்காட்டு நகரத்தில் ஒரு சொட்டு மழை இல்லாவிட்டாலும் கல்பாத்தியில் ஆறு உயரும். 2018 ஆகஸ்டில் எவ்வளவு உயர்ந்தது என்பதை ஆற்றோரத்து வீட்டுக்காரர்களைக் கேட்டால் சுவரில் கையை வைத்துக் காட்டுவார்கள்.

சித்தூர்ப் புழை கதை வேறு. பரம்பிக்குளம் ஆளியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் மணக்கடவு அணைக்கட்டு வழியாகச் சித்தூர்ப் பாசனத்துக்கு வர வேண்டும். ஜூலை முதல் தேதியில் தொடங்கி ஜூன் 30 வரை ஒரு கணக்கு. அந்தத் தண்ணீர் தினம் ஒரே அளவாக வராது. பயிருக்குத் தேவைப்படும்போதும், பேசி முடிவானபோதும் கூடும், குறையும். ஆகவே வெயில் கொளுத்தும் மார்ச் மாதத்தில்கூட, நேற்று மணலாகக் கிடந்த இடத்தில் இன்று தண்ணீர் ஓடும். எல்லைக்கு இந்தப் பக்கம் மூலத்தறையில் ரெகுலேட்டர் இருக்கிறது. அதன் மதகைத் தூக்கினால் கீழே ஆறு மாறிவிடும். 2024 ஜூலையில் சித்தூர்ப் புழையின் நடுவே பாறையில் நான்கு பேர் மாட்டிக்கொண்டதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஆற்றில் இறங்கும்போது அவர்களுக்கு ஆறு சாதுவாகத்தான் தெரிந்திருக்கும். தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி ஒவ்வொருவராகக் கரையேற்றினார்கள்.

ஆகவே ஆற்றுக்குள் நடப்பது என்றால், நமக்கு மேலே எங்கோ ஒருவர் மதகுச் சக்கரத்தைச் சுற்ற மாட்டார் என்கிற நம்பிக்கையில் நடக்கிறோம் என்று பொருள்.

இன்னொன்று மணல். பாரதப்புழையில் மணல் எடுத்த காலத்துக் குழிகள் எல்லா இடத்திலும் மூடிவிடவில்லை. மேலே தண்ணீர் ஒரே மட்டமாகத் தெரியும், கணுக்கால் அளவு, கணுக்கால் அளவு, அடுத்த அடியில் ஆள் இருக்காது. இரண்டு ஆறு சேரும் இடத்தில் நீரோட்டமே அடியை அரித்துப் பள்ளம் பண்ணும். பறளி பார்க்க வேண்டிய இடம்தான், பாருங்கள். கரையில் நின்று பாருங்கள்.

மணல்திட்டு:
ஐயா சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் இப்படியே பயமுறுத்திப் பயமுறுத்தித்தான் இந்தத் தலைமுறைக்கு ஆறு என்பது பாலத்தின் மேலிருந்து பார்க்கிற பொருளாகிவிட்டது. எங்கள் பாட்டி எங்களை ஆற்றுக்கு அனுப்பும்போது ‘மூத்தவன் கையைப் பிடிச்சுக்கோ’ என்பதோடு முடிந்தது பேச்சு.

பழைய ஓவர்சியர்:
உங்கள் பாட்டி காலத்தில் மணல் இருந்தது தம்பி. இரண்டு ஆள் ஆழத்துக்கு மணல் கிடந்த ஆறு. வெள்ளம் வந்தால் மணல் குடித்துக்கொள்ளும், மெல்ல வடிய விடும். அதே ஆறு என்று நினைத்து இன்றைக்கு இறங்கக் கூடாது. ஆற்றுக்கே போகாதீர்கள் என்று நான் சொல்லவில்லையே. மழைக்காலம் போன பிறகு, ஊர்க்காரர்கள் குளிக்கிற கடவில், அவர்கள் நிற்கிற இடத்தில் கால் நனைத்தால் போதும். ஊர்க்காரர் யாரும் இல்லாத கடவு என்றால் அதற்கு ஒரு காரணம் இருக்கும்.

தண்ணீர் ஏறுவதற்கு முன் ஆறு சொல்லும். தெளிந்த நீர் கலங்கும். சருகும் குச்சியும் நுரையும் கூட்டமாக மிதந்து வரும். சலசலப்பு மாறி ஒரு கனத்த ஓசை வரும். சற்று முன் வெளியே தெரிந்த கல் நனைந்திருக்கும். இதில் எது கண்ணில் பட்டாலும் செருப்பைத் தேடாமல் மேலே ஏறிவிட வேண்டும்.

பனைமரக்காரி:
ஓவர்சியர் ஐயா சொன்ன ‘நனைந்த கல்’ மிகவும் உபயோகமான யோசனை. நாங்கள் கரைக்குப் போனதும் தண்ணீர் விளிம்பில் ஒரு கல்லைக் காட்டி ‘இது உன் கல், இதைப் பார்த்துக்கோ’ என்று பெரியவனிடம் ஒப்படைத்துவிடுவோம். அவனுக்கு ஒரு வேலை, எங்களுக்கு ஓர் அளவுகோல். ‘இதுல என்ன இருக்கு’ மருமகனுக்கும் இந்த உத்தியோகத்தைக் கொடுத்துப் பாருங்கள்.

இரண்டு சின்னப் பிள்ளைகளோடு நடப்பவள் என்கிற முறையில் இன்னும் கொஞ்சம். சுற்றிவரும் பாதையைத் தேடாதீர்கள், போன வழியே திரும்பும் பாதைதான் குடும்பத்துக்கு நல்லது. சுற்றுப்பாதையில் பாதியில் பிள்ளை உட்கார்ந்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே தூரம். போன வழியே திரும்புவதாக இருந்தால், முகம் வாடும்போதே திரும்பிவிடலாம். ஐந்து வயதுப் பிள்ளை இரண்டு கிலோமீட்டர் நடக்கும். ஆனால் பெரியவர்கள் கணக்குப்படி நடக்காது. நண்டு வளை ஒன்று கண்டால் பத்து நிமிடம் அங்கேயேதான். வளை வாயில் அந்தச் சேற்று உருண்டைகளை நண்டு ஒவ்வொன்றாக உருட்டி வெளியே வைப்பதை என் மகள் குத்துக்காலிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். குச்சியை உள்ளே விடப் போன தம்பியை அவளே அடித்துவிட்டாள். ஒரு மணி நேர நடையில் நாங்கள் போன தூரம் ஒரு தெரு நீளம் இருக்கும். அதுவும் நடைதான்.

கரையில் நடக்கும்போது பெரியவர் ஆற்றுப் பக்கம், பிள்ளை நிலத்துப் பக்கம். சாலையில் பழகிய பழக்கம்தான்.

சைக்கிள் சுந்தரி:
செல்வம் அண்ணா சொன்னதற்குப் பதில் சொல்ல மறந்தேன். சிறு பிள்ளைகளுக்கு வாய்க்கால் கரை ஒத்துவராது என்பது சரிதான், நான் பெரியவர்களை நினைத்துச் சொன்னேன். ஆனால் அணைக்குப் பின்புறம் கவா பக்கம் போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் அதையும் இப்போதே அடித்துவிடுகிறேன். படத்தில் பிரமாதமாக இருக்கும். யானை நடமாட்டம் உள்ள இடம். தள்ளுவண்டியோடு யானைக்கு வழி விட முடியாது.

நிலாக்கரை:
ஷொர்ணூர்க்காரன் குறுக்கே வருகிறேன். எல்லாரும் பாலக்காட்டைச் சுற்றியே நிற்கிறீர்கள். ரயிலில் ஏறினால் பறளியிலிருந்து ஷொர்ணூர் வரை தண்டவாளம் ஆற்றை ஒட்டியே வரும். பாட்டிக்கு ஜன்னல் சீட்டு கிடைத்தால் பாதி நடை அதிலேயே முடிந்துவிடும். ஷொர்ணூரில் இறங்கி ஆட்டோ பிடித்து, ஆற்றைத் தாண்டினால் செறுதுருத்தி. மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் 1930-ல் தொடங்கிய, கதகளி சொல்லித்தரும் கலாமண்டலத்தின் பழைய வளாகம் அங்கே ஆற்றங்கரையில் இருக்கிறது. அவருடைய சமாதியும் அங்கேதான். மரநிழல் உண்டு, கூட்டம் குறைவு.

பாலத்துக்குப் பக்கத்தில் பழைய கொச்சிப் பாலம் ஆற்றில் பாதி நின்றுகொண்டிருக்கும். கொச்சிக்கு ரயில் கொண்டுபோக 1902-ல் கட்டியது, 2011-ல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. ரயில் பாதைக்குப் பணம் திரட்ட அந்தக் காலத்துக் கொச்சி ராஜா கோயில் யானைகளின் தங்க நெற்றிப்பட்டங்களை விற்றார் என்று எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். மருமகனுக்கு அந்தப் பாலம் பிடிக்கும். அதன் அடியில் மட்டும் போகக் கூடாது.

நாள் முழுக்கக் கையில் இருந்தால் பொன்னானி கர்மா சாலை. ஆறு கடலை நெருங்கும் இடத்தில் தண்ணீரை ஒட்டியே போகிற நல்ல சாலை, தள்ளுவண்டி சும்மா உருளும். பக்கத்தில் சம்ரவட்டம் ரெகுலேட்டர் பாலம், 70 மதகு. மாலையில் ஊரே அங்கே கடலை கொறிக்கும். ஆனால் உங்களுக்கு அது தூரம்தான்.

எருத்தேம்பதி செல்வம்:
பொன்னானி போய்த் திரும்பினா அந்தக் குட்டிப் பையன் காருக்குள்ளேயே நடை பழகிடுவான்.

கஞ்சிக்கோட்டான்:
எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு பதில் வரும் என்று எதிர்பார்க்கவில்லை. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். ‘மாமி சொல்றதுதான் சரி’ என்றார். அவருக்குக் காசி என்ற சொல் காதில் விழுந்ததும் மற்றது எதுவும் ஏறவில்லை. அக்கா சித்தூர்ப் பக்கம் சாய்கிறாள். இரண்டு கேள்வி. தள்ளுவண்டியைச் சித்தூரில் எங்கே வரைக்கும் கொண்டுபோக முடியும்? டிசம்பரில் வெயில் எப்படி?

எருத்தேம்பதி செல்வம்:
குருமடத்துத் தெரு வரைக்கும் வண்டி தாராளமா போகும்ங்க. ஆற்றுக்கு இறங்குற இடத்துல கஷ்டம். சின்னச் சக்கரம் வச்ச வண்டி மணல்லயும் சரளையிலயும் ஒண்ணுதான், மாட்டிக்கும். குழந்தையை இடுப்புல தூக்கிக்கிற துணிப்பை இருந்தா அதை எடுத்துக்கங்க. இல்லாட்டி நம்ம ஊர் வழக்கம், பழைய நூல் சேலையை முடிஞ்சு தோள்ல கட்டிக்கிறது. வண்டியைக் காருலயே விட்டுடுங்க.

பழைய ஓவர்சியர்:
வெயிலைவிடக் காற்றைக் கணக்கில் எடுங்கள். டிசம்பர், ஜனவரியில் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து வறண்ட காற்று அடிக்கும். தொப்பி நிற்காது, உதடு வெடிக்கும், வெயில் தெரியாமலே தாகம் எடுக்கும். கைக்குழந்தைக்குக் காதை மூடுங்கள். காலை ஏழு மணிக்குத் தொடங்கி ஒன்பதுக்குள் முடிப்பது உத்தமம். அந்த நேரத்தில் பறவையும் உண்டு. பாறையில் நீர்க்காகம் இறக்கையை விரித்து வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். நம் பக்கத்து ஆற்றங்கரைகளில் மயிலும் இப்போது சாதாரணம். மார்ச், ஏப்ரல் என்றால் இந்த இழையையே மூடிவிடச் சொல்வேன். 40 டிகிரியைத் தொடும்போது நடையாவது ஒன்றாவது.

புறப்படும் நாள் காலையில் செய்தியில் அணைத் தண்ணீர் திறப்பு பற்றி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். மேலே ஆனைமலையில் மழை என்றால் சித்தூர் வேண்டாம், கல்பாத்தி மதில் பக்கம் நின்றுகொள்ளுங்கள்.

கல்பாத்தி மாமி:
பார்த்தேளா, சுற்றிச் சுற்றி எங்கள் தெருவுக்குத்தான் வந்து நிற்கிறது. சுந்தரி சொன்னதற்கும் சொல்லிவிடுகிறேன். ஆறு எப்போதும் கண்ணில் படாது, உண்மைதான். ஆனால் அம்மாவுக்கு ஒன்றரை மணி நேரமும் ஆறு தேவையில்லை. காலையில் படித்துறையில் கடைசிப் படிக்கு ஒரு படி மேலே உட்கார்ந்து காலைத் தண்ணீரில் விட்டால் பொடி மீன் வந்து குதிகாலைக் கடிக்கும். எனக்கு எழுபது ஆகிறது, இன்னும் கூச்சம் போகவில்லை. படியில் பாசி இருக்கிறதா என்று முதலில் கையால் தடவிப் பார்க்க வேண்டும். ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டு கிடக்கிற நாளாக இருந்தால் இறங்க வேண்டாம், மேலேயே உட்காரலாம்.

கோயிலுக்குள் போவதாக இருந்தால் ஆண்கள் சட்டையைக் கழற்ற வேண்டும். மருமகனிடம் முன்பே சொல்லிவிடுங்கோ, வாசலில் வந்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளும் வயது.

கஞ்சிக்கோட்டான்:
அப்படியானால் சனிக்கிழமை அக்கா வரும் வழியில் சித்தூர், ஞாயிறு காலை அம்மாவோடு கல்பாத்தி. இரண்டு நாளும் நடையைச் சிறிதாக வைத்துக்கொள்கிறோம். சித்தூரில் கழிப்பறை?

பனைமரக்காரி:
ஆற்றங்கரையில் எதையும் எதிர்பார்க்காதீர்கள். ஊருக்குள் ஏதாவது ஓட்டலில் காப்பி குடித்துவிட்டு, எல்லாரையும் வரிசையில் அனுப்பிவிட்டு, அப்புறம் கரைக்குப் போங்கள். நாங்கள் எப்போதும் அப்படித்தான். பிள்ளைக்கு மாற்றுத் துணி இரண்டு செட். ஒன்று போதும் என்று தோன்றும், போதாது.

மணல்திட்டு:
சாப்பாட்டை யாரும் பேசவில்லையே. சித்தூர் போகிறவர்கள் கொஞ்சம் வடக்கே விலகினால் எலப்புள்ளிப் பக்கம் ராமசேரி. பாலக்காடு பொள்ளாச்சிச் சாலையிலிருந்து உள்ளே போக வேண்டும். காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் பல தலைமுறையாக இட்டிலி சுடுகிறார்கள். நம் வீட்டு இட்டிலி போல உப்பலாக இராது, தட்டையாக, சின்னத் தோசை அளவில் இருக்கும். மண்பானை வாயில் நூல் வலை கட்டிய வளையம், அதன்மேல் ஈரத்துணி, துணியில் மாவை ஊற்றிப் பானைக்கு மேல் பானையாக அடுக்கி வேக வைப்பார்கள். துணியோடு தூக்கிக் கவிழ்த்து, தண்ணீர் தெளித்து உரிப்பதைப் பார்க்க வேண்டும். பொடியில் தேங்காயெண்ணெய் ஊற்றிக் குழைத்துக்கொள்ளுங்கள். பாட்டிக்குப் பல் இல்லாவிட்டாலும் இறங்கும்.

சைக்கிள் சுந்தரி:
ஆற்றைத் தவிர மற்ற எல்லா விஷயத்திலும் மணல்திட்டை நம்பலாம். ராமசேரிக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறின பிறகு போனால் துணி காய்ந்துகொண்டிருப்பதைப் பார்க்கலாம்.

மழை வந்து இரண்டு நாளும் கெட்டால் ஒரு மாற்று வழி: பாலக்காட்டுக் கோட்டை. ஹைதர் அலி 1766-ல் கட்டியது. ஆறு இல்லை, அகழி இருக்கிறது. சுற்றி நடக்க நல்ல பாதை, காலையில் பாதி ஊர் அங்கேதான் நடக்கிறது. தள்ளுவண்டிக்கு அதைவிடச் சமமான இடம் கிடையாது. அகழியைப் புழை என்று மருமகனிடம் சொல்லிப் பாருங்கள்.

நிலாக்கரை:
தெருநாய்களைப் பற்றி யாரும் எழுதவில்லை. அதிகாலையில் கரையோரம் மீன் கழிவு, சாப்பாட்டு மிச்சம் கிடக்கிற இடங்களில் கூட்டமாக இருக்கும். ஓடக் கூடாது, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நின்று, மெதுவாக விலக வேண்டும். பிள்ளை கையில் பிஸ்கட் இருந்தால் முதலில் அதைப் பைக்குள் போடுங்கள். கோரையும் புல்லும் அடர்ந்த இடத்தில் ஒற்றையடித் தடம் தெரிந்தாலும் நுழைய வேண்டாம், கண்ணாடிவிரியன் உள்ள ஊர் இது.

கஞ்சிக்கோட்டான்:
நாய் விஷயம் நல்லவேளை சொன்னீர்கள், என் பெண் எந்த நாயைக் கண்டாலும் பெயர் வைக்கப் போய்விடுவாள். ஓவர்சியர் ஐயா, கடைசியாக ஒன்று. சித்தூர்ப் புழையில் சனிக்கிழமை தண்ணீர் அதிகம் போனால் கரையில் நிற்பதில்கூட ஆபத்து உண்டா?

பழைய ஓவர்சியர்:
கட்டிய படித்துறை, கல் பாவிய கரை என்றால் மேல்படியில் நிற்கலாம். மண் கரையின் விளிம்பில் நிற்காதீர்கள். தண்ணீர் அடியை அரித்திருக்கும், மேலே புல் பச்சென்று இருப்பதால் தெரியாது. விளிம்பிலிருந்து ஒரு ஆள் நீளம் தள்ளியே நில்லுங்கள். ஆறு நிறைந்து போவதைத் தள்ளி நின்று பார்ப்பதும் நன்றாகத்தான் இருக்கும்.

எருத்தேம்பதி செல்வம்:
சனிக்கிழமை காலையில நான் சித்தூர்ச் சந்தைக்கு வர்ற வேலை இருக்கு. வெள்ளி ராத்திரி இங்கேயே எழுதுங்க, ஆற்றுல தண்ணி எப்படிப் போகுதுன்னு பார்த்து ஆறரைக்கெல்லாம் சொல்லிடறேன்.